முதலில் வெறும் கம்பி

(நமது சபையின் ஆண்டுக் கூட்டத்தில் நல்லேப்பிள்ளி அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாக வேதத்தைப் பற்றியும், சங்கீதத்தைப் பற்றியும், க்ஷேத்திரங்களைப் பற்றியும் விஷயம் தெரிந்தவர்கள் பேசுவார்கள். இரும்பு தூக்குகிறவனைப் பேசக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நம் காரியதரிசி போன் பண்ணி, "மாமா, இந்தத் தடவை நீங்க ஜிம் நடத்தறதைப் பத்திப் பேசணும்" என்றார். "ஏண்டா அம்பி, வேற ஆளே கிடைக்கலையா?" என்று கேட்டேன். "முட்டுவலி இல்லாத ஆம் ஒண்ணு நம்ம கிராமத்திலே காட்டுங்கோ, உங்களை விட்டுடறேன்" என்றார். யோசித்துப் பார்த்தேன். காட்ட முடியவில்லை. வந்துவிட்டேன்.

எனக்குப் பேசிப் பழக்கமில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அதில் என் கெட்டிக்காரத்தனம் கொஞ்சம், என் தப்பு நிறைய. தப்பைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லேப்பிள்ளியைத் தெரியாதவர்கள் இந்த ஹாலில் அதிகம் இருக்க மாட்டார்கள். பாலக்காடு ஜில்லாவில், சித்தூருக்குக் கிழக்கே, நெல்லும் தென்னையும் பனையுமாக இருக்கிற ஊர். கடைத்தெருவில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம், எல்லோரும் இரண்டும். நான் அங்கே பிறந்து, கோயமுத்தூரில் ஒரு மில்லில் கணக்கெழுதி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு 2009-ல் ஊர் திரும்பியவன். கோயமுத்தூரில் இருந்தபோது சாயங்காலங்களில் ஓர் உடற்பயிற்சி நிலையத்துக்குப் போவேன். தகரக் கூரை, மண் தரை, கர்லாக்கட்டை, இரண்டு பார்பெல், சுவரில் ஓர் ஆஞ்சநேயர் படம். அவ்வளவுதான். எங்கள் மாஸ்டர் அதிகம் பேச மாட்டார். தண்டால் எடுக்கச் சொன்னால் பக்கத்தில் தாமும் எடுப்பார். ஆறு மாதம் தண்டாலும் பஸ்கியும் தவிர வேறு எதையும் தொட விடவில்லை. அப்போது எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊருக்கு வந்ததும் சும்மா உட்கார முடியவில்லை. ஒரு பழைய நெல் குடோனை வாடகைக்குப் பிடித்து, கோயமுத்தூரிலிருந்து பழைய பார்பெல் இரண்டும் டம்பெல்கள் சிலவும் வாங்கி வந்து, 2010-ல் ஜிம் ஆரம்பித்தேன். கிராமத்தில் பெரியவர்களுக்குச் சிரிப்பு. "சந்தியாவந்தனம் பண்ற கையாலே இரும்பு தூக்கறானாக்கும்" என்று ஒரு மாமா திண்ணையில் உட்கார்ந்து சொன்னது என் காதில் விழுந்தது. அவர் இப்போது இல்லை. ஆனால் கடைசி நாலு வருஷம் அவர் என்னிடம் வந்து கையையும் காலையும் அசைத்துக்கொண்டு போனார் என்பதை நன்றியோடு சொல்கிறேன்.

முதல் மூன்று வருஷம் நன்றாக நடந்தது. காரணம் எளிமையானது. என்னிடம் சம்பளத்துக்கு ஆள் வைக்கக் காசில்லை. ஆகவே நானே கதவைத் திறந்தேன், நானே பெருக்கினேன், நானே பயிற்சி செய்தேன். வருகிற பையன்கள் என்னைப் பார்த்துச் செய்தார்கள். ஆள் சேர்ந்தது. எண்ணிக்கை அறுபதைத் தாண்டியது.

அப்போதுதான் எனக்கு முதலாளி என்ற நினைப்பு வந்தது. கடன் வாங்கி ட்ரெட்மில் வாங்கினேன். கம்பி வடம் போட்ட மெஷின் வாங்கினேன். சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்தேன். ஒரு டிரெயினரை வேலைக்கு வைத்தேன். நான் வாசல் பக்கம் மேஜை நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பீஸ் வாங்குவது, ரசீது போடுவது, செல்போன் பார்ப்பது, காலையில் ஒரு தினசரியை வரி விடாமல் படிப்பது. மில்லில் முப்பது வருஷம் செய்த அதே உத்தியோகம்தான், இடம் மட்டும் வேறு. வயிறு முன்னால் வந்தது. "மாமா ஜிம்தான் நடத்தறார், பண்றதில்லை" என்று பையன்கள் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். தெரியாதது போல் இருந்தேன்.

2016-ல் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பையன். இருபது வயசு முடிந்து சில மாதம். அப்பா இல்லை. அம்மா வயல் வேலைக்குப் போய் வளர்த்த பிள்ளை. ராணுவ ஆளெடுப்பு முகாமுக்குத் தயார் பண்ணிக்கொண்டிருந்தான். அப்போதைய விதிப்படி சாதாரண சிப்பாய் வேலைக்கு வயசு வரம்பு 21. அவனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அன்றைக்கு டிரெயினர் வரவில்லை. அவன் டெட்லிஃப்ட் செய்துகொண்டிருந்தான். தரையில் கிடக்கும் பார்பெல்லை நிமிர்ந்து நிற்கும்வரை தூக்குகிற பயிற்சி அது. 90 கிலோ போட்டிருந்தான். "சாமி, இன்னும் பத்துக் கிலோ போடலாமா?" என்று கேட்டான். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போடேன்" என்றேன்.

தலையைத் தூக்கியிருந்தால் அவன் முதுகு வில்லாக வளைந்திருந்தது என் கண்ணில் பட்டிருக்கும். பார்பெல் காலை விட்டு ஒரு சாண் தள்ளி இருந்ததும் பட்டிருக்கும். நான் கேட்டது சத்தத்தை மட்டும்தான். இரும்பு கீழே விழுந்த சத்தம், அதற்குப் பின் அவன் அம்மாவைக் கூப்பிட்ட சத்தம்.

நல்ல வேளை, எலும்பு முறியவில்லை. கீழ் முதுகில் தட்டு பிதுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். மூன்று வாரம் சரியாக நடக்க முடியவில்லை. முகாம் வந்து போயிற்று. அவனால் போக முடியவில்லை. அடுத்த முகாமுக்குள் வயசு தாண்டிவிட்டது.

ஆஸ்பத்திரிச் செலவை நான் கட்டினேன். அது பெரிய விஷயமில்லை. பார்க்கப் போனபோது அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சாமி, நீங்க ஒருக்கா தூக்கிக் காட்டியிருந்தீங்கன்னா, பையன் அதைப் பாத்துப் படிச்சிருப்பானுங்களே" என்றாள். நாற்பது வருஷமாக இரும்போடு பழகிய எனக்கு, வயலில் நாற்று நடுகிற ஒரு பெண்மணி ஒரே வாக்கியத்தில் ஜிம் நடத்துவது எப்படி என்று சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

அன்று ராத்திரி குடோனைத் திறந்து, தனியாக நின்று, வெறும் கம்பியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு குந்திப் பார்த்தேன். பிளேட் எதுவும் போடாத கம்பி, 20 கிலோ. பாதிக்கு மேல் இறங்க முடியவில்லை. குதிகால் தூக்கிக்கொண்டது, முழங்கால் உள்ளே சாய்ந்தது. நாலு பக்கமும் கண்ணாடி. நானே காசு கொடுத்துப் பதித்த கண்ணாடி. எங்கே திரும்பினாலும் நான்தான். அவன் கேட்டிருந்தால் நான் தூக்கிக் காட்டியிருக்கவே முடியாது என்பது அப்போதுதான் புரிந்தது.

மறுநாளிலிருந்து மூன்று மாதம் நான் என் ஜிம்மிலேயே புது மாணவன். அந்த மூன்று மாதத்தில் எனக்கு மறுபடி தெரிந்ததை உங்களுக்குச் சொல்கிறேன். ஜிம்மில் எத்தனை மெஷின் இருந்தாலும் மனுஷ சரீரம் செய்கிற காரியம் அடிப்படையில் ஐந்துதான். குந்துவது, இடுப்பில் மடிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது. நம் பாட்டிகள் இந்த ஐந்தையும் தினம் செய்தார்கள். பலகையில் உட்கார்ந்து எழுந்தது குந்தல். குடத்தைக் குனிந்து எடுத்தது இரண்டாவது. ஆட்டுக்கல்லில் அரைத்தது தள்ளுவதும் இழுப்பதும். கிணற்றில் நீர் இறைத்தது இழுப்பு. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தது சுமை. நாம் இந்த ஐந்தையும் வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்பிவிட்டோம். மோட்டார் வந்தது, கிரைண்டர் வந்தது, மேஜை நாற்காலி வந்தது. வந்தது நல்லதுதான். யாரும் மறுபடி கிணற்றில் இறைக்க வேண்டாம். ஆனால் அந்த வேலையை நம்பி இருந்த தசைகளுக்கு மாற்று ஏற்பாடு பண்ண மறந்துவிட்டோம். நான் சொல்கிற ஜிம் அந்த மாற்று ஏற்பாடுதான், வேறு பெரிய தத்துவம் இல்லை.

ஐந்துக்கும் பொதுவான விதிகளும் சொற்பமே. பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும். முதுகு வளையாமல் நேராக இருக்க வேண்டும். சுமை உடம்பை ஒட்டி இருக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு திணறக்கூடாது, முக்கியமாக ரத்த அழுத்தம் உள்ளவர்கள். ஒரு சுமையைப் பத்துத் தடவை பிசகில்லாமல் செய்ய முடிந்தால்தான் அடுத்த சுமை. அதுவும் கொஞ்சமாக.

இந்தக் கடைசி விதிக்கு ஒரு சரித்திரம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரியில் தாமஸ் டிலார்ம் என்ற டாக்டர் இருந்தார். காயம்பட்ட சிப்பாய்களின் கால்கள் தேறாமல் படுக்கை காலியாகாத நேரம். ஒருவரால் சரியாகப் பத்துத் தடவை தூக்க முடிகிற எடை எது என்று கண்டுபிடித்து, அதை அளவாக வைத்துப் படிப்படியாக ஏற்றினார். 1945-ல் அதை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். இன்றைக்கு உலகத்தில் எந்த ஜிம்முக்குப் போனாலும் "பத்து எண்ணிக்கை, மூன்று செட்" என்று சொல்வதற்குப் பின்னால் அவருடைய உழைப்பும் இருக்கிறது. பலசாலிகளுக்காகப் பிறந்த முறையல்ல அது. எழுந்து நிற்க முடியாதவர்களுக்காகப் பிறந்தது.

இது நமக்குப் புதிதா என்றால் இல்லை. கேரளத்துக் களரியில் முதலில் மெய்த்தாரி. உடம்பைப் பழக்குவது. அப்புறம்தான் கோல்த்தாரி, கம்பு. அதற்கும் அப்புறம்தான் அங்கத்தாரி, வாளும் கேடயமும். கடைசியில் வெறுங்கை. உடம்பு பழகாதவன் கையில் வாளைக் கொடுக்கமாட்டார் குருக்கள். நான் உடம்பு பழகாதவன் கையில் நூறு கிலோ கொடுத்தேன்.

நம் பாடசாலையிலும் அதே கதைதான். சந்தை சொல்லும் முறையை இங்கே பலர் அறிவீர்கள். வாத்தியார் ஒரு தடவை சொல்வார், சிஷ்யர்கள் இரண்டு தடவை திருப்பிச் சொல்வார்கள். முதலில் நேராகச் சொல்லும் ஸம்ஹிதை, அது படிந்த பிறகு பதம், அப்புறம் க்ரமம், ஜடை, கனம். கனபாடிகள் ஆன பிறகும் அந்த முதல் பாடத்தை அவர் விட்டுவிட முடியாது. இதில் நான் கவனித்தது, முதல் குரல் வாத்தியாருடையது என்பதுதான். அவர் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்காருவதில்லை.

இந்த இடத்தில் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல ஆசை. கே.வி. ஐயர் என்ற பெயர் நம் இளைஞர்களுக்குத் தெரிந்திருக்காது. கோலார் வெங்கடேச ஐயர். பிறந்தது 1897, காலமானது 1980. பெங்களூரில் 1920-களிலேயே ஹெர்குலிஸ் ஜிம்னேசியம் என்ற பெயரில் உடற்பயிற்சிக்கூடம் நடத்தியவர். பிற்பாடு ஜே.சி. ரோடில் அவருடைய வியாயாமசாலை ஊரறிந்த இடம். அந்த நாளில், பிராமணப் பையன் சட்டையைக் கழற்றிக்கொண்டு பார்பெல் தூக்குகிறான் என்றால் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவருக்கு முன்மாதிரியாக இருந்தவர்கள் மேல்நாட்டு பலசாலிகள். யூஜின் சாண்டோ 1904, 1905-ல் இந்தியாவுக்கு வந்து பயில்வான் வித்தைகள் காட்டிப் போனார். அவர் பெயர் நம் நாட்டில் உடற்பயிற்சிக்கே மறுபெயர் ஆகிவிட்டது. ஐயர் அந்த இரும்பையும் எடுத்துக்கொண்டார், நம் ஹடயோகத்தையும் சூரிய நமஸ்காரத்தையும் விடவில்லை. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டு வந்தார். அவரோடு சேர்ந்து உழைத்த சுந்தரம் என்பவர் யோகாசனங்களைத் தேகப்பயிற்சியாக விளக்கி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார். ஐயரும் 1930-லிருந்து 1940-க்குள் நாலு புத்தகங்கள் ஆங்கிலத்தில் எழுதினார். அதில் ஒன்று முழுக்க முழுக்கச் சூரிய நமஸ்காரத்தைப் பற்றியது. மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் 1933-ல் கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்த ஆரம்பித்தாரே, அதே வளாகத்தில் தேகப்பயிற்சி சொல்லிக் கொடுத்தவர் ஐயரின் சிஷ்யர்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறு விஷயம். ஐயர் தபால் மூலமும் தேகப்பயிற்சி கற்றுக் கொடுத்தார். எங்கோ இருக்கிறவனுக்கு, நேரில் பார்க்காத ஒருவனுக்கு, காகிதத்தில் பாடம். அவன் எதை நம்பி அதைச் செய்வான்? ஐயரின் போட்டோக்களை நம்பி. தம் உடம்பையே அத்தாட்சியாக வைத்து அவர் பாடம் நடத்தினார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது என்று சொல்வார்கள். இருக்கட்டுமே. வாத்தியார் தாம் செய்ததைத்தான் சொல்கிறார் என்று அந்தப் போட்டோ சொல்லிற்று. என் மேஜையில் உட்கார்ந்திருந்த என்னை யாராவது போட்டோ எடுத்திருந்தால் அது என்ன சொல்லியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தசை வளர்த்தால் மூளை மழுங்கும் என்று நம்மில் சிலர் இன்னமும் நினைக்கிறோம். இதே ஐயர்தான் ஹொய்சள ராணி சாந்தலையைப் பற்றிக் கன்னடத்தில் பெயர் பெற்ற 'சாந்தலா' நாவலை எழுதியவர். நாடகாசிரியர் கைலாசத்தின் நெருங்கிய சிநேகிதர். ஆகவே குழந்தைகளை ஜிம்முக்கு அனுப்பினால் மார்க் குறையும் என்ற பயம் வேண்டாம்.

சரி, நான் என்ன மாற்றினேன்? பெரிய நிர்வாகத் திட்டம் எதுவும் இல்லை. மேஜையை எடுத்துவிட்டேன். ரசீதுப் புத்தகம் ஜன்னல் மேடைக்குப் போயிற்று. காலை ஐந்தே காலுக்குக் கதவைத் திறப்பது நான். பெருக்குவது நான். முதல் செட் என்னுடையது, எல்லோர் முன்னிலையிலும், வெறும் கம்பியோடு. பிறகுதான் மற்றவர்கள். யார் பிளேட் போட்டாலும் முடிந்ததும் எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். மூன்று வருஷம் யாரும் மதிக்கவில்லை. நான் என்னுடையதை எடுத்து வைத்து, துணியால் கம்பியைத் துடைக்க ஆரம்பித்த மூன்றாவது வாரம், ஒரு பையன் என் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டான். அட்டையைக் கிழித்துவிட்டேன். அதற்கு இனி வேலையில்லை.

சுவரில் இப்போது ஒரு கரும்பலகை இருக்கிறது. அதில் என் கணக்கை நானே எழுதுகிறேன். என்ன எடை, எத்தனை தடவை, எதில் தோற்றேன். தோற்றதையும் எழுதுவதுதான் முக்கியம். 65 வயசில் நான் 60 கிலோவில் ஏழாவது தடவை நிறுத்திவிட்டேன் என்று பலகையில் இருந்தால், இருபது வயசுக்காரன் எட்டாவதை வளைந்த முதுகோடு இழுக்க வெட்கப்படுவதில்லை, நிறுத்துகிறான். நிறுத்துவதும் ஒரு பாடம். அதை யாராவது செய்து காட்டினால்தான் வரும்.

புது ஆள் யாராக இருந்தாலும் முதல் மாதம் பிளேட் கிடையாது. "மாமா, பீஸ் கொடுத்துட்டு வெறும் கம்பியைத் தூக்கறதுக்கா வந்தேன்?" என்று கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போகட்டும். பவுடர் டப்பாவும் கேட்பார்கள். விற்றால் கமிஷன் கிடைக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் நான் சாப்பிடாததை நான் விற்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். நூறு கிராம் துவரம்பருப்பில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் என்று சொல்கிறது. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிற நம் வீடுகளில் இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. சுண்டல், தயிர், மோர், பருப்பு உசிலி எல்லாம் நம்மிடம் உண்டு. அளவுதான் போதவில்லை. ஊசி, மாத்திரை என்று எவனாவது ரகசியமாகப் பேசினால், அவனை அன்றைக்கே அனுப்பிவிடுவேன். இதில் மட்டும் எனக்கு தாட்சண்யம் கிடையாது.

இப்போது இந்த ஹாலில் இருக்கிற பெரியவர்களிடம் வருகிறேன். "நமக்கு எதுக்குப்பா இதெல்லாம், நாராயணான்னு இருக்கலாமே" என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1990-ல் அமெரிக்க மருத்துவ சங்கப் பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வந்தது. முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேர், சராசரி வயசு 90. எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொண்ணூறு வயசில் தசை வளர்கிறது என்றால், அறுபத்தைந்தில் நமக்குச் சொல்ல ஒரு சாக்கும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கொடுத்த வழிகாட்டுதலில், நடையோடு கூட வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது. 65 தாண்டியவர்கள் வாரம் மூன்று நாள் நிலை தடுமாறாமல் இருக்கப் பயிற்சி செய்யச் சொல்கிறது. வாக்கிங் போகிறேன், போதாதா என்றால், போதாது.

நம் ஊர் நிலவரமும் அப்படித்தான். 2023-ல் வெளியான தேசிய ஆய்வில் இந்தியாவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் பத்துக் கோடிக்கு மேல் என்று வந்தது. கேரளத்தில் இருபது வயசு தாண்டியவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர். சாப்பிட்ட சர்க்கரையை ரத்தத்திலிருந்து அதிகமாக வாங்கிக்கொள்கிற இடம் தசை. அந்தக் கிடங்கைச் சுருக்கிவிட்டு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகிறோம்.

எங்கள் ஜிம்மில் காலை பத்தரை மணி மாமிகளுக்கு. மடிசாரோடு வந்தவர்களும் உண்டு. 78 வயசுப் பாட்டி ஒருவர் வந்தபோது நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லை. நான் அவர் முன்னால் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுந்து காட்டினேன். அவர் கூட எழுந்தார். பாதி தூரம், அப்புறம் முக்கால், இரண்டு மாதத்தில் முழுசாக. "என்னடா இது, இதுக்குப் பேரு ஜிம்மாக்கும்? இதை நான் சின்ன வயசிலே சமையலறையிலே பண்ணிண்டுதானே இருந்தேன்" என்றார். அதேதான் பாட்டி என்றேன். போன வருஷம் பேத்தி கல்யாணத்தில் யார் கையையும் பிடிக்காமல் மணையிலிருந்து எழுந்தாராம். அதை என்னிடம் சொல்ல நல்லேப்பிள்ளி வரைக்கும் வந்தார்.

வீட்டுக்குப் போனதும் நீங்களே ஒரு பரீட்சை வைத்துக்கொள்ளலாம். சுவரை ஒட்டி நாற்காலி போட்டு, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை உட்கார்ந்து எழுகிறீர்கள் என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயசில் ஆண்களுக்கு 14-க்கும், பெண்களுக்கு 12-க்கும் குறைந்தால் கால் வலு போதாது என்று அர்த்தம். 75 முதல் 79-ல் ஆண்களுக்கு 11, பெண்களுக்கு 10. பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். இருதய வியாதி, மூட்டு ஆபரேஷன் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகு செய்யுங்கள்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்க நினைப்பீர்கள். ஐந்து மாதம் கழித்து டாக்டர் அனுமதியோடு வந்தான். நானும் அவனும் பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஒரு மூங்கில் கழியை வைத்துக்கொண்டு இடுப்பில் மடிவதை முதலிலிருந்து கற்றுக்கொண்டோம். அவனுக்கு இருபத்தொன்று, எனக்கு அறுபதைத் தாண்டி. இன்றைக்குச் சாயங்கால வகுப்பு அவனுடையது. கல்யாணம் ஆகிக் குழந்தை இருக்கிறது. நன்றாக இருக்கிறான். ஆனாலும் முகாமுக்குப் போன அவன் கூட்டாளிகள் லீவில் யூனிபாரத்தோடு வரும்போது, அவன் முகத்தை நான் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கு என் பேரேட்டில் பற்றாகவே நிற்கிறது. வரவு வைக்க வழியில்லை. அவன் என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை என்பது அதைக் குறைக்கவும் இல்லை.

போன மாதம் ஒரு நாள் உள்ளே நுழைந்தேன். புதுப் பையன் ஒருவன் பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, போடட்டுமா?" என்று அவனைக் கேட்டான். இவன் பதில் சொல்லவில்லை. செய்துகொண்டிருந்ததை நிறுத்தி, தன் பார்பெல்லில் இருந்த பிளேட்டையெல்லாம் கழற்றி வைத்து, வெறும் கம்பியைத் தூக்கிக் காட்டினான். இரண்டாம் தடவையும் காட்டினான். பிறகு கம்பியை அவன் கையில் கொடுத்தான்.

நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். ஜிம் காலையில் ஐந்தே காலுக்கும் சாயங்காலம் நாலரைக்கும் திறந்திருக்கும். நம் சபை அங்கத்தினர்கள் யார் வந்தாலும் முதல் செட் நான் செய்து காட்டுவேன். பந்திக்கு நேரமாயிற்று, இலை போட்டிருக்கிறார்கள். ஒரு விண்ணப்பம் மட்டும். எழுந்திருக்கும்போது நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழுந்து பாருங்கள்.